காப்புக் கட்டிய கை

சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டேதான் சின்னக்கருப்பு அந்தச் சேதியைச் சொன்னான். பக்கத்துத் தோட்டத்து மோட்டாரில் காயில் போய்விட்டது என்று சொல்வானே, அதே குரல்.

"இந்த வருசம் மாரியம்மன் சாட்ட முன்னாடியே வச்சாச்சு. வர்ற செவ்வாக்கெழம கொட்டுப் போடுறாக."

பவுனு அப்பளம் எடுக்கப் போனவள் நின்றுவிட்டாள்.

"வர்ற செவ்வாயா? அப்பக் காப்பு?"

"அதுக்கடுத்த செவ்வா. அதுக்கும் மறு செவ்வா பொங்கலு."

"காப்புக்கும் பொங்கலுக்கும் நடுவுல ஒரு ஞாயித்துக்கெழம வருதே, அன்னைக்கு யாரு கல்யாணம்னு தெரியுமா?"

சின்னக்கருப்பு தட்டைப் பார்த்தான். தட்டில் பதில் இல்லை. அன்றைக்குக் கல்யாணம் அவன் மகள் மாரீஸ்வரிக்குத்தான்.

ஓடைக்கரைப்பட்டியில் மாரியம்மன் திருவிழாவுக்குச் சாட்டு என்றால் விளையாட்டுக் காரியமில்லை. மந்தையில் கொட்டுப் போட்டு ஊர் சாட்டிவிட்டால், பொங்கல் முடிந்து மஞ்சள் நீர் ஊற்றும்வரை ஊர்க்காரர்கள் வீட்டில் நல்லது எதுவும் நடக்கக் கூடாது. பந்தக்கால் ஊன்றக் கூடாது, தாலி ஏறக் கூடாது. வெளியூர் போனாலும் பொழுது சாயுமுன் திரும்பிவிட வேண்டும். கையில் காப்புக் கட்டிக்கொண்டவர்களுக்கு இன்னும் கெடுபிடி. அவர்கள் எந்த ஊரிலும் கல்யாண வீட்டு வாசலை மிதிக்கவே கூடாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. கொட்டுச் சத்தம் கேட்டவர்களுக்குத்தான் கட்டு. அந்த நேரம் ஊர் எல்லைக்கு வெளியே இருந்தவர்களை அது பிடிக்காது.

வழக்கமாகப் பொங்கல் வைகாசிக் கடைசியில்தான் வரும். அதைக் கணக்குப் பண்ணித்தான் வைகாசி முதல் முகூர்த்தத்தில் கல்யாணத்தை வைத்தார்கள். கம்பத்தில் ஏசி மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, பாதி ஊருக்கு வைத்தும் ஆகிவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்திருக்கிறார்கள்.

"நீங்களும் கமிட்டியிலதேன இருக்கீக? கூட்டத்துல என்னா சொன்னீக?"

"எல்லாரும் சரின்னுட்டாக."

"எல்லாரும் கெடக்கட்டும். நீங்க?"

"கையத் தூக்கச் சொன்னாக." ரசம் சொட்டும் கையை லேசாக உயர்த்திக் காட்டினான். "தூக்குனேன்."

அடுக்களையில் இருந்த அனல் எல்லாம் பவுனு தலைக்கு ஏறியது மாதிரி இருந்தது. பெற்ற மகள் கல்யாணத்தைத் தடுக்கிற தீர்மானத்துக்கு, பெற்ற அப்பன் கையைத் தூக்கிவிட்டு வந்து ரசம் பிசைகிறான்.

"ஏங்க, ஒங்களுக்குக் கூறு இருக்கா? ஒரு வார்த்த, 'எங்க வீட்டுல விசேசம் இருக்கு, தள்ளி வையுங்க'ன்னு சொல்ல வாயில்லையா?"

"மச்சான் சொல்லும்போது எப்பிடிக் குறுக்க பேசுறது? ஏற்கெனவே பொண்ணக் குடுக்கலன்னு மனத்தாங்கல்ல இருக்காக."

மச்சான் என்றால் ஞானசிகாமணி. சின்னக்கருப்புவின் அக்கா ராக்கம்மாளைக் கட்டியவர். ஊர்க் கமிட்டிக்குத் தலைவர். அவர் மகன் விஜயபாண்டிக்குத்தான் மாரீஸ்வரி முறைப்பெண். விஜயபாண்டி கம்பத்திலிருந்து கேரளா எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறான். ஓட்டுகிற நேரத்தைவிட, ஜீப்பை நிறுத்திவிட்டுக் குடிக்கிற நேரம் அதிகம். போன தைக்குப் பெண் கேட்டு வந்தபோது சின்னக்கருப்பு தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, "குடுக்க மாட்டோம்" என்று சொன்னது பவுனுதான். சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் சொல்ல வேண்டும், தலையாட்டுவதை மட்டும் அவன் பார்த்துக்கொள்வான். அந்த வீட்டில் வேலைப் பிரிவினை அப்படி.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்பளமும் வரவில்லை, மோரும் வரவில்லை. சின்னக்கருப்பு கையை நக்கிக்கொண்டு எழுந்தான்.

அந்த உச்சி வெயிலிலேயே பவுனு கிளம்பி ஞானசிகாமணி வீட்டுக்குப் போனாள். சித்திரை வெயில், தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. ஞானசிகாமணி ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ராக்கம்மாள் விசிறியோடு.

"வா தங்கச்சி. நுங்கு சாப்புடுறியா?"

"நுங்கு திங்க வரலண்ணே. சாட்ட எதுக்கு முன்னுக்கு இழுத்தீக?"

அவர் கண்ணை மூடி, கோயில் இருக்கும் திசையில் ஒரு கும்பிடு போட்டார். "ஊருல ரெண்டு புள்ளைகளுக்கு அம்ம போட்டுருக்கு. மழையும் இல்ல. ஆத்தா வெக்க தாங்காம நிக்கிறா. அவளச் சீக்கிரம் குளுர வைக்கணும்ல? அவ சித்தம், நாம என்னா பண்றது?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிகூட வாயைத் திறக்கவில்லை. தலைவரே சாமிக்கும் சேர்த்துப் பேசுகிறார்.

"ரெண்டு வாரம் பொறுக்க மாட்டாளா ஆத்தா? மாப்ள பட்டாளத்துல இருக்காரு. லீவு வைகாசியோட முடியுது. விட்டா அடுத்த வருசம்தேன்."

ராக்கம்மாள் விசிறியை நிறுத்தினாள். "நாங்க பொண்ணுக் கேட்டு வந்தப்ப, 'கல்யாணத்துக்கு என்னா அவசரம்'னு கேட்டவ நீதேன? இப்ப மட்டும் என்னா அவசரம் வந்துச்சாம்?"

அம்மையும் வெக்கையும் எங்கே போயின என்று தெரியவில்லை. உள்ளே இருந்த புழு வெளியே வந்து நெளிந்தது.

"அப்பிடிச் சொல்லுங்க மதினி! ஒங்க வஞ்சத்த நீங்க தீத்துக்கிறீக. அதுக்கு எதுக்கு ஆத்தா பேரு? நேரா நின்னு சண்ட போட வேண்டியதுதேன?"

ஞானசிகாமணி சிரித்தார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற சிரிப்பு. "எதுக்குக் கத்துற? ஒன் வீட்டுக்காரரே கையத் தூக்கிட்டாரு. அப்பறம் நீ யாருகிட்ட வந்து ஞாயம் கேக்குற?"

பவுனு செருப்பை மாட்டிக்கொண்டாள். திரும்பி நடந்தாள். பகையாளி குழி வெட்டுவது உலக வழக்கம். அவன்மேல் கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தவன் நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் சின்னக்கருப்பு திண்ணையில் துண்டை விரித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து அவன் மூஞ்சியில் ஊற்றலாமா என்று யோசித்தாள். தண்ணீருக்குத் தட்டுப்பாடு, அதனால் விட்டுவிட்டாள்.

சாயங்காலம் மாரீஸ்வரி வேலை முடிந்து வந்தாள். தேனியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. விஷயத்தைக் கேட்டதும் பையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தாள். மாப்பிள்ளை சூரியபிரகாஷோடு அவள் போனில் பேசும்போது சிரிக்கிற சிரிப்பு அடுக்களைவரைக்கும் கேட்கும். அந்தச் சிரிப்பு நின்றுவிடுமே என்றுதான் பவுனு பயந்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு மாதிரி. பல்லி கத்தினாலே பஸ் டிக்கெட்டைக் கிழித்துப் போடுகிறவள். தேதி தள்ளிப்போனால், "தடங்கலாயிருச்சு, இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்று சொல்லிவிடுவாள். அது மாரீஸ்வரிக்கும் தெரியும்.

"அப்பா கையத் தூக்குனாரா?" என்று மட்டும் கேட்டாள். பவுனு தலையசைத்தாள். பிள்ளை எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

மூடிய கதவைப் பார்த்தபடி பவுனு ஒரு முடிவுக்கு வந்தாள். தேவதானப்பட்டியில் இருக்கும் அண்ணன் பேச்சிமுத்துவுக்குப் போன் போட்டாள். அவர் அங்கே மாங்காய் யாவாரம் பண்ணுகிறவர்.

"அண்ணே, எம் மக கல்யாணத்த ஒன் வாசல்ல வைக்கணும். கம்பத்து மண்டபம்னா கமிட்டி வந்து மறிச்சிரும். அதே நாளு, அதே நேரம். செவ்வாக்கெழம கொட்டுப் போடுறதுக்குள்ள எங்கள எல்லைய விட்டுத் தாட்டிரு."

பேச்சிமுத்து காரணம் கேட்டார். அவள் சொன்னாள். கேட்டு முடித்துவிட்டு, மைத்துனனை ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். தங்கச்சி மறுப்புச் சொல்லவில்லை. "வண்டியோட வாரேன், தைரியமா இரு" என்றார்.

அடுத்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போன். சம்பந்தியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தேதியை மட்டும் இரண்டு தடவை திருப்பிக் கேட்டாள்.

"எடம் மாறுறது பரவாயில்ல. தேதி மாறலல்ல, அதுவே போதும். ஆனா மதினி, பொண்ணோட அப்பா வந்து கையப் புடிச்சுக் குடுப்பாகள்ல? அது முறையா நடக்கணும். பெத்தவரு இருக்கும்போதே இல்லாத மாதிரி நடந்தா எம் மனசு ஒப்பாது."

"அதெல்லாம் வருவாக" என்று பவுனு வாக்குக் கொடுத்தாள். கொடுக்கும்போதே குரல் கொஞ்சம் இறங்கியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பேச்சிமுத்துவின் மாங்காய் வேன் வாசலில் வந்து நின்றது. சீர்ப் பாத்திரம், பட்டுச் சேலை, பூசணிக்காய் எல்லாம் ஏறின. மாரீஸ்வரி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சின்னக்கருப்பு குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டி கட்டி நின்றான். அதைப் பார்த்ததும் பவுனுக்கு மனசு லேசாகக் குளிர்ந்தது. பரவாயில்லை, மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது, கிளம்பத் தயாராகிவிட்டான் என்று நினைத்தாள்.

"ஏறுங்க."

"நீங்க போங்க. கொட்டுப் போடயில வெத்தலத் தட்டத் தூக்கிக்கிட்டுக் கூட நிக்கணும்ல? நாந்தேன் நிக்கணும்னு மச்சான் சொல்லிட்டாக. முடிச்சுட்டுப் பின்னாலேயே வாரேன்."

"கொட்டுப் போட்டதுக்கு அப்பறம் எங்கிட்டு வருவீக? அந்தச் சத்தம் கேக்கக் கூடாதுன்னுதேன நாங்க ஊர விட்டே ஓடுறோம்! கொட்டுக்குப் பக்கத்துல போயி நின்னுட்டு எப்பிடிய்யா கல்யாணத்துக்கு வருவீக?"

"மச்சான்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறேன். கோவத்துல செஞ்சாலும் மச்சான் நல்ல மனுசன்."

மாரீஸ்வரி வண்டியிலிருந்து தலையை நீட்டி, "அப்பா, வாங்கப்பா" என்றாள். ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள். அவன் சட்டைப் பையைத் தடவி, வேட்டியைச் சரிசெய்து, வானத்தைப் பார்த்து, கடைசியில் மந்தைப் பக்கம் பார்த்தான். பேச்சிமுத்து ஸ்டார்ட் பண்ணிவிட்டார். பவுனு வண்டிக் கதவை அடித்துச் சாத்தினாள், கண்ணாடி அதிர்ந்தது.

எல்லையைத் தாண்டும்வரை பேச்சிமுத்து பாட்டுச் சத்தத்தை முழுசாக வைத்திருந்தார். கண்ணாடி எல்லாம் ஏற்றி வைத்து உள்ளே வெந்துபோனார்கள். கொட்டுச் சத்தம் தவறிக்கூடக் காதில் விழக் கூடாது என்று மாரீஸ்வரி காதில் இயர்போனையும் மாட்டிக்கொண்டாள். அவள் அழுதது அதனால் அவளுக்கே கேட்டிருக்காது.

கல்யாணம் பண்ணிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள்? ஏசி மண்டபத்தில் நடக்க வேண்டியதைக் கோடையில் தெருவில் நடத்துவது லேசு இல்லை. பந்தல் போட ஆள் பிடிக்க வேண்டும், லாரித் தண்ணீருக்கு நிற்க வேண்டும், பத்திரிகை வைத்தவர்களுக்கெல்லாம் இடம் மாறியதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "சின்னக்கருப்பு வாராருல்ல?" வருவார், வருவார் என்று சொல்லிச் சொல்லிப் பவுனுக்கு அந்த வார்த்தையே கசந்துவிட்டது. போன் போட்டால் அவன் எடுப்பான். "கேட்டுருக்கேன். மச்சான் யோசிச்சுச் சொல்றேன்னாக" என்பான். காப்புக் கட்டுகிற செவ்வாய் வந்தது. அன்றைக்கு அவன் போனை எடுக்கவே இல்லை. ஞானசிகாமணி முன்னால் நின்று மச்சினனைக் கூப்பிட்டு, கையை நீட்டச் சொல்லிக் காப்புக் கட்ட வைத்தார் என்று ஊரிலிருந்து ஒருத்தி சொன்னாள். நீட்டியிருப்பான். அந்தக் கைக்கு நீட்டவும் தூக்கவும்தானே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே புழுக்கம். வாடகை ஃபேன்கள் வெந்நீர்க் காற்றை வீசின. தேவதானப்பட்டித் தெரு முழுக்கப் பந்தல், பந்தல் முழுக்க மாப்பிள்ளை வீட்டார். பவுனு தாம்பூலத்துக்குப் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மாள் இரண்டு தடவை வந்து, "எங்க உங்க வீட்டுக்காரவுக?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இரண்டாவது தடவை கேட்டபோது முகம் சரியில்லை.

பேச்சிமுத்து வந்து குனிந்து காதோடு சொன்னார். "ஒன் வீட்டுக்காரரு வந்துருக்காரு. ரோட்டுக்கு அங்கிட்டு நிக்கிறாரு. நான் போயிக் கூப்புட்டேன், வர மாட்டேங்கிறாரு."

பவுனு எழுந்து பாக்குவெட்டியும் கையுமாகவே போனாள்.

எதிரே பூட்டிய ஒரு கடையின் நிழலில் சின்னக்கருப்பு நின்றிருந்தான். அதே வெள்ளை வேட்டி. வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் துண்டும் வாடிய வேப்பிலையும். அவளைக் கண்டதும் சிரித்தான்.

"வெள்ளனமே வந்துட்டேன் பவுனு. பொழுது சாயுமுன்ன போயிரணும்."

"உள்ள வாங்க. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு."

"காப்புக் கட்டிருக்கேன்ல. வாசல மிதிக்கக் கூடாது. இங்கனயே நின்னு பாத்துக்கிறேன். மச்சான்கிட்ட சொல்லிட்டுத்தேன் வந்தேன். 'தூரத்துல நின்னு பாத்துட்டு வந்துரு'ன்னாக. மச்சானுக்கு மனசு எளகிருச்சு."

அவன் அதைச் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. தன் மகள் கல்யாணத்தை ரோட்டோரம் நின்று பார்க்க அனுமதி வாங்கி வந்த பெருமை. அதைப் பார்த்ததும்தான் பவுனுக்கு வெறி வந்தது. இத்தனை நாளும் வந்ததெல்லாம் கோபமே இல்லை.

அவன் மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள். கயிற்றுக்குள் பாக்குவெட்டியை நுழைத்து ஒரே அழுத்து. காப்பு அறுந்து மண்ணில் விழுந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் "ஐயையோ" என்று பின்னால் நகர்ந்தார்கள். சின்னக்கருப்புவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஆத்தா வந்து கேட்டா, பவுனுதேன் அறுத்தான்னு சொல்லுங்க" என்றாள். "அம்மையப் போட்டா எனக்குப் போடட்டும். கண்ணக் கெடுத்தா எங் கண்ணக் கெடுக்கட்டும். அவகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன், அவளும் பொம்பளதேன். இப்ப ஒங்களுக்கு ஒரு கட்டும் இல்ல. வாங்க, வந்து எம் புள்ள கையப் புடிச்சுக் குடுங்க."

பந்தலுக்குள் மேளம் உயர்ந்தது. சின்னக்கருப்பு வெறும் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தான். ரோட்டில் ஒரு கால் எடுத்து வைத்தான். பவுனுக்கு மூச்சு வந்தது. இன்னொரு காலையும் எடுத்தான், பிறகு நின்றுவிட்டான்.

"ஆத்தாகிட்ட நீ சொல்லிருவ பவுனு" என்றான், நிஜமாகவே கலங்கிப்போய். "மச்சான் கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

பவுனு அவனைப் பார்த்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். இத்தனை வருஷமாகத் திட்டியதெல்லாம் யாரை என்று அப்போதுதான் விளங்கியது. அங்கே ஆள் நின்றால்தானே திட்டு போய்ச் சேரும்? வாயை மூடிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

மணவறையில் மாரீஸ்வரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா தனியாக வருவதைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

சம்பந்தியம்மாள் குறுக்கே வந்தாள். "மதினி, அவுக…"

"அவுக வரல. வர மாட்டாக. நீங்க தடங்கல்னு நெனச்சாலும் சரி, முறையில்லன்னு நெனச்சாலும் சரி. இவள நாந்தேன் பெத்தேன், நாந்தேன் குடுப்பேன். வேணும்னா வாங்கிக்கங்க. வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க, எம் மகளக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். சம்பந்தியம்மாள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். மணவறையில் உட்கார்ந்திருந்த சூரியபிரகாஷ், அம்மாவைப் பார்த்தபடியே வலது கையை விரித்து நீட்டினான். சம்பந்தியம்மாள் மகன் கையைப் பார்த்தாள், பவுனு முகத்தைப் பார்த்தாள், வழியை விட்டு நகர்ந்தாள்.

பவுனு மகள் கையைப் பிடித்து அவன் கையில் வைத்தாள். மேளம் மறுபடி எடுத்தது. அட்சதை விழுந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஒருமாதிரி மூச்சு விட்டார்கள்.

"அம்மா" என்றாள் மாரீஸ்வரி மெல்ல. "விடும்மா. வலிக்குது."

அப்போதுதான் பவுனு தன் கையைப் பார்த்தாள். இரண்டு பேர் கையையும் சேர்த்து, நகம் பதிய இறுக்கிப் பிடித்திருந்தாள்.